படகிலிருந்து விழுந்தவரை மீட்பது எப்படி?

காங்கேயத்துக் கிணறுகளில் நீச்சல் பழகியவர்களுக்குச் சுரைப்புருடை தெரிந்திருக்கும். காய்ந்து உள்ளே வெறுமையான சுரைக்காய்தான் அது. முதுகில் கட்டிக்கொண்டு குதித்தால் ஆளை மூழ்க விடாது. கடல் நமக்கு வெகுதூரம். ஆனால், கடலில் விழும் மீனவரைத் தாங்கும் மிதவையும் இதே விதிப்படிதான் வேலை செய்கிறது.

மூச்சை இழுத்துப் பிடித்தால் நம் உடல் நீரைவிடச் சற்றே லேசாகிறது. மிதக்கிறோம், ஆனால் உச்சந்தலைதான் வெளியே தெரியும். மூக்கும் வாயும் மேலே நிற்க இன்னும் நான்கைந்து கிலோ எடையைத் தாங்கும் மேல்நோக்கு விசை தேவை. இறுக மூடிய ஐந்து லிட்டர் காலிக் கேனே ஏறக்குறைய அதைக் கொடுத்துவிடும்! கப்பல்களில் தொங்கும் வளைய மிதவை 14.5 கிலோ இரும்பை நன்னீரில் 24 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது உலக விதி. ஏன் நன்னீரில்? உப்பு நீரின் ஒப்படர்த்தி சுமார் 1.025, அதில் எதுவும் எளிதாக மிதக்கும். நன்னீரில் தேறியது கடலில் தவறாது.

மிதவை இருந்தும் ஆள் தொலைவதுண்டு. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விசைப்படகு ஒரே நிமிடத்தில் 250 மீட்டர் கடந்துவிடும். அலைகளுக்கு நடுவே ஒரு தலை, தேங்காய் அளவு, எப்படித் தெரியும்? ஆகவே விழுந்த கணமே கூவி, மிதவையை வீசி, ஒருவர் கண்ணை எடுக்காமல் அவரையே கையால் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். படகோட்டி, ஆள் விழுந்த பக்கமே படகைத் திருப்புவார். முன்பக்கம் அங்கே திரும்பினால் பின்பக்கம் எதிர்ப்புறம் விலகும். சுழலும் விசிறி அவரை வெட்டாது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தாக்கியபோது, கன்னியாகுமரி மீனவர் பலர் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டே நெடுநேரம் கிடந்தனர். நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைக் கடத்துகிறது. நம் வெதுவெதுப்பான கடலிலும் பல மணி நேரத்தில் உடல் குளிர்ந்துவிடும்.

இப்படி நெடுநேரம் கிடந்தவரை நெட்டுக்குத்தாகத் தூக்கக் கூடாது. கால்களை அழுத்திய நீரின் விசை சட்டென நீங்க, இரத்தம் கீழே தேங்கி, மீட்பின்போதே மயங்கிவிடுவார். கிடைநிலையில் ஏற்றுவதே நல்லது. வலையின் ஓரத்தைப் படகில் கட்டி, அவருக்கு அடியில் விட்டு, மறு ஓரத்தை இழுத்தால் உருண்டு மேலே வருவார். பீப்பாயைக் கயிறு போட்டு லாரியில் ஏற்றுவதும் இப்படித்தான். இது இயங்கும் கப்பி போன்றது. பாதி விசை போதும்.

ஏற்றப்பட்டவருக்கு மூச்சு இல்லையா? வயிற்றை அமுக்கி நீரை எடுக்கப் பார்ப்பது பழைய தவறு. உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும்.