பாலைவனத்துக்கு அடியில் ஒரு வாய்க்கால்

ஈரானின் பாலைவன நகரமான யஸ்துக்குப் போகிறவர்கள் மண்வீடுகளையும் காற்றுக் கோபுரங்களையும் பார்த்து வியக்கிறார்கள். ஆனால் அந்த ஊரின் உண்மையான அதிசயம் தரைக்கு அடியில்தான் இருக்கிறது. மழை ஆண்டுக்குச் சுமார் 60 மில்லிமீட்டர். மலையடிவாரத்தில் தாய்க்கிணறு தோண்டி, லேசான சரிவில் சுரங்க வாய்க்கால் வெட்டி, பல மைல் தூரம் நீரைக் கொண்டுவந்தார்கள். இதன் பெயர் கனாத். பம்பு வேண்டாம், வெயிலில் நீர் வற்றுவதும் குறைவு. அடியில் துளையிட்ட கிண்ணம் தண்ணீரில் மூழ்கும் நேரத்தை அளந்து வயல்களுக்கு முறை பிரித்தார்கள். ஈரானின் 11 கனாத்களை 2016இல் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் நம் புதுச்சேரியின் பாகூருக்கும் வில்லியனூருக்கும் இந்தக் கனாத் கதை எதற்கு என்று கேட்கலாம். நம் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையோடு முடிகிறது. மிச்ச மாதங்களுக்குச் சேர்த்துவைத்தாக வேண்டும். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை நீர் வருவதும் அதே கணக்குதான். அங்கே தூரத்தை வென்றார்கள், இங்கே காலத்தை. கனாத்களும் வற்றுகின்றனவே என்பார்கள். உண்மைதான். ஆனால் பலவற்றை வற்றவைத்தது பாலைவனம் அல்ல, மோட்டார் வைத்த ஆழ்கிணறுகள். அவை நிலத்தடி நீர்மட்டத்தை இறக்கியதும், தாய்க்கிணற்றில் ஊற்று நின்றது. நம்மூர் போர்வெல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. கடல் பக்கத்தில் இருப்பதால், இங்கே உப்புநீரும் உள்ளே வருகிறது.