படுத்தால் ஏறும், எழுந்தால் இறங்கும்

இரவில் படுத்திருந்த தந்தைக்கு இரத்த அழுத்தம் 170 என்று கருவி காட்டியது. அஞ்சிய மகன் கூடுதலாக ஒரு மாத்திரை கொடுத்தார். விடியலில் கழிப்பறைக்கு எழுந்தவர் கண் இருண்டு விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. பல்லாண்டு தறியில் அமர்ந்த சென்னிமலை நெசவாளர் அவர். பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாத நோயாளி.

நாம் எழும்போது இரத்தம் கால்களில் தேங்காதபடி தன்னியக்க நரம்புகள் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. நடுக்குவாதம் அந்நரம்புகளையும் தளர்த்துவதால், நின்றால் அழுத்தம் சரிகிறது; படுத்தால் ஏறுகிறது. நோய்க்கான லெவோடோபா மாத்திரையும் அழுத்தத்தைக் குறைக்கக்கூடும்.

ஆகவே ஒரே ஓர் அளவை நம்பி மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். 5 நிமிடம் படுத்தபின் ஒருமுறையும், எழுந்து நின்ற 1, 3ஆம் நிமிடங்களிலும் அளவிடுங்கள். அப்போது ஒருவர் அருகிலேயே நிற்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அது கவனிக்க வேண்டிய சரிவு. நேரத்துடன் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினால், இரவில் ஏறும் அழுத்தம் தணியும். விழித்தவுடன் எழாமல், கால்களைத் தொங்கவிட்டுச் சிறிது நேரம் அமரட்டும். எழுமுன் தண்ணீர் அருந்துவது நன்று. இதய, சிறுநீரக நோயுள்ளோர் அதன் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. வயிறு முட்ட உண்பதும் சுடுநீர்க் குளியலும் அழுத்தத்தை இறக்கும். தலை சுற்றினால் உடனே படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள்.

அன்று நின்ற நிலையிலும் அளந்திருந்தால், அம்மாத்திரை கொடுக்கப்பட்டிராது.