வயிற்றைக் காயப்போடாதீர்கள்

ஒதியம்பட்டானாலும் வில்லியனூரானாலும், பிள்ளைக்கு வயிற்றால் போனால் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது: "ஒண்ணும் கொடுக்காதே, வயித்தக் காயப்போடு." அக்கறையில் சொல்வதுதான். ஆனால் பேதியில் உயிரை வாங்குவது உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும். காயப்போட்டால் அந்த இழப்பு இன்னும் கூடும். பேதி சாதாரண விஷயமும் அல்ல. 2022 ஜூலையில் காலரா பரவியதால் நம் காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவிக்கப்பட்டது.

வெறும் தண்ணீர் ஏன் போதாது? போன உப்பை அது ஈடுகட்டாது. சிறுகுடலின் உட்சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே இழுக்கும். பின்னாலேயே தண்ணீரும் போகும். காலரா கிருமியின் நச்சு குடலில் நீரைச் சுரக்க வைத்தாலும் இந்த வழி அடைபடாது.

1971 வங்கதேசப் போரின்போது பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதன் வாரிசு. ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரை அளந்து, முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கரையுங்கள். தண்ணீர் குறைந்தால் கரைசல் கெட்டியாகிக் கெடுதல் செய்யும். 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது. குழந்தை வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்.

சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி அருமையானது. அதன் மாவுச்சத்து மெல்லக் குளுக்கோஸாக உடைந்து அதே வழியில் உதவுகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2000-இல் இன்னொன்றும் காட்டினார்கள்: சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால் காலராப் பேதி சீக்கிரம் நிற்கிறது. அது பெருங்குடலில் புளித்து, அங்கும் நீரை உறிஞ்ச வைக்கிறது.

இட்லி, மோர் சாதம், வாழைப்பழம் கொடுக்கலாம். தாய்ப்பால் தொடரட்டும். இளநீரில் சோடியம் குறைவு. குடிக்கலாம், ஆனால் கரைசலுக்கு ஈடாகாது. சோடாவும் இனிப்புச் சாறும் பேதியைக் கூட்டும். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு, மருத்துவர் சொன்னபடி தினம் 20 மில்லிகிராம் துத்தநாகம் 14 நாள் கொடுங்கள். பேதி நின்றாலும் நிறுத்த வேண்டாம்.

கண் குழிவது, அழுதால் கண்ணீர் வராதது, சிறுநீர் குறைவது, மலத்தில் ரத்தம், குடிக்கவும் முடியாத சோர்வு: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பிள்ளையால் குடிக்க முடிந்தால், போகிற வழியெல்லாம் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.