புதுச் செருப்பு கடிக்காமல் இருக்க...

கல்யாண மண்டபம். பெண்ணின் தகப்பனார் பட்டு வேட்டி கட்டி, வாசலில் நின்று எல்லோரையும் கைகூப்பி வரவேற்கிறார். முகத்தில் சிரிப்பு இருக்கிறது. ஆனால் கால் மட்டும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. குதிகாலைத் தூக்குகிறார். பிறகு ஒரு காலை மற்றொரு காலின் மேல் வைத்துத் தேய்க்கிறார்.

"என்ன அத்தான், ஒரு மாதிரியாக நிற்கிறீர்கள்?" என்று மைத்துனர் கேட்கிறார்.

"அது ஒன்றும் இல்லை. புதுச் செருப்பு கடிக்கிறது!"

இந்தக் காட்சியைப் பார்க்காதவர் யார்? தீபாவளி, பொங்கல், கல்யாணம் என்று புதுச் செருப்பு வாங்குகிறோம். வாங்கிய அன்றே போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறோம். மறுநாள் நொண்டுகிறோம்!

செருப்புக்குப் பல் கிடையாது. பிறகு எப்படிக் கடிக்கிறது?

கடிப்பது எது?

தோல் என்பது நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் நார்களால் ஆனது. பச்சைத் தோல் அழுகிவிடும். ஆகவே அதைப் பதனிடுகிறார்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்புச் சாற்றில் ஊற வைத்துப் பதனிடுவது நம் நாட்டில் பழைய முறை. குரோமிய உப்பைக் கொண்டு பதனிடுவது பிறகு வந்த முறை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்கள் இந்தத் தொழிலுக்குப் பெயர் போனவை. தோலைப் பற்றி ஆராய்வதற்கென்றே 1948-ம் ஆண்டில் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது.

பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் முதலில் விறைப்பாக இருக்கும். அந்த விறைப்பான வார் காலோடு உரசுகிறது. ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஒவ்வொரு காலிலும் 600 தடவைக்கு மேல் உரசும். உரசிய இடம் சிவக்கும். மேல்தோல் கழன்று, அதனடியில் நீர் கோக்கும். அதுதான் கொப்புளம்.

வார் நெகிழும், அட்டை நீளாது!

தோலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. காலின் சூடும் வேர்வையும் பட்டால் அதன் நார்கள் கொஞ்சம் நெகிழும். காயும்போது அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். இப்படிப் பல நாள் நெகிழ்ந்து, காய்ந்து, உங்கள் காலைப் போலவே செருப்பும் ஆகிவிடுகிறது. பழைய செருப்பைப் போட்டால் சுகமாக இருப்பதன் இரகசியம் இதுதான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வார்தான் நெகிழும். அட்டை நீளாது. விரல் வெளியே நீட்டிக் கொண்டிருந்தாலும், குதிகால் பின்னால் தொங்கினாலும், ஆறு மாதம் போட்டாலும் அது சரியாகாது. "போடப் போடச் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால், "எது சரியாகும்? வாரா, அட்டையா?" என்று கேளுங்கள்.

செருப்பை மாலையில் வாங்குங்கள். பகலெல்லாம் நின்று நடந்த கால், மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் அளவாக இருந்தது மாலையில் இறுக்கும். இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று, கடைக்குள்ளேயே நாலு நடை நடந்து பாருங்கள். பலருக்கு ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்குத்தான் அளவு பார்க்க வேண்டும்.

பழக்குவது எப்படி?

வீட்டுக்கு வந்ததும் வாரின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். நூல் முடிச்சோ, கூரான ஓரமோ தட்டுப்பட்டால், செருப்பு தைப்பவரிடம் கொடுத்துத் தட்டிச் சமப்படுத்தி வாங்குங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

பிறகு வாரைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல வளைத்துக் கொடுங்கள். பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலானால், ஒரு துணியில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் தொட்டு உட்புறம் தடவலாம். எண்ணெய் பட்ட இடம் கறுக்கும். ஆகவே முதலில் ஒரு மூலையில் தடவிப் பார்ப்பது நல்லது.

முதல் நாள் வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் போடுங்கள். கழற்றிய பின் நிழலில் காற்றாட வையுங்கள். அடுத்த நாள் ஒரு மணி நேரம். அதற்கடுத்த நாள் தெருமுனைக் கடை வரையில். இப்படி நேரத்தைக் கூட்டிக் கொண்டே போனால் பத்துப் பதினைந்து நாளில் செருப்பு பழகிவிடும். அதுவரை வெளியூர்ப் பயணத்துக்குப் பழைய செருப்பே துணை!

செய்யக் கூடாதவை

சிலர் புதுச் செருப்பைத் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். தோலில் உள்ள எண்ணெய்ப் பசை போய், காய்ந்ததும் முன்னைவிட விறைத்துக் கொள்ளும். வெயிலிலோ அடுப்பருகிலோ காய வைத்தால் தோல் வெடிக்கும். மழையில் நனைந்துவிட்டால் உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினால் வார் தொளதொளத்துப் போகும்.

கொப்புளம் வந்துவிட்டால் ஊசியால் குத்தாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். ஆறும் வரையில் அந்தச் செருப்பைத் தொடாதீர்கள்.

வலிக்காத கடி!

செருப்புக் கடி பெரும்பாலும் இரண்டு நாள் வலிதான். ஆனால் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு அப்படி அல்ல. பல ஆண்டுகள் சர்க்கரை கூடியிருந்தால் காலின் நரம்புகள் மரத்துப் போகலாம். செருப்பு கடிக்கும், வலிக்காது. வலிக்காததால் தொடர்ந்து நடப்பார்கள். புண் ஆழமாகும். இரத்த ஓட்டம் குறைந்த காலில் அது சீக்கிரம் ஆறாது. சீழ் பிடித்து, விரலையோ காலையோ எடுக்கும்படி ஆனவர்கள் உண்டு.

1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் கால்களை அவர் ஆராய்ந்தார். சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாத காலில் அழுத்தமும் காயமும் சேர்ந்தே புண் உண்டாகிறது என்று எடுத்துக் காட்டினார். மெத்தென்ற ரப்பர் அட்டை வைத்த செருப்பு அவர்களுக்குக் காவலாயிற்று. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அத்தகைய செருப்பைச் சிபாரிசு செய்கிறார்கள்.

கால் மரத்தவர்கள் விரல் இடுக்கில் வார் உள்ள செருப்பைத் தவிர்க்க வேண்டும். புதுச் செருப்பை அரை மணி நேரம் போட்டதும் கழற்றிக் காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். பேரப் பிள்ளைகள் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. சிவப்போ கொப்புளமோ கண்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஆகவே, வீட்டில் கல்யாணமா? பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கும்போதே அப்பாவுக்குச் செருப்பும் வாங்கிவிடுங்கள். முகூர்த்தத்தன்று அவர் முகமும் சிரிக்கும், காலும் சிரிக்கும்!