வாடையும் கொத்தமல்லியும்

கார்த்திகை நடுப்பகுதியை எட்டியதும் திருகோணமலையில் வாடை வீசத் தொடங்கிவிடும். டச்சுக் குடாவின் நீலம் மங்கிச் சாம்பல் நிறம் கொள்ளும். வகுப்பறையில் முதல் வாங்கிலிருந்து ஒரு தும்மல் எழும். மறுவாரத்துக்குள் அது கடைசி வாங்கு வரை பரவிவிடும். மூக்குறிஞ்சும் ஓசையினூடே நக்கீரரின் நெடுநல்வாடையைக் கற்பித்த அனுபவம் எனக்குண்டு. ஆயர்கள் தீயில் கைகாய்ச்சியும் குளிர் நீங்காது நடுங்கும் காட்சியை விளக்கியபோது மாணாக்கன் ஒருவன் எழுந்து, “அவர்களுக்குத் தடிமன் பிடிக்கவில்லையா, சேர்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் விடை கூறாது அடுத்த அடிக்குச் சென்றுவிட்டேன். ஆயினும் அவ்வினா என்னை விடவில்லை.

தமிழகத்தார் இந்நோயை ஜலதோஷம் என்பர். பழி நீரின்மேல் விழுகிறது. ஆங்கிலேயர் குளிரின் பெயரையே இதற்கும் இட்டனர். பழி குளிரின்மேல் விழுகிறது. ஈழத்தவராகிய நாமோ தடிமன் என்றோம். தலை தடித்துக் கனக்கும் நிலையை மட்டும் சொல்லிக் காரணம் கூறாது விட்ட அச்சொல்லே எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

காரணத்தை அறிவதற்கென்றே இங்கிலாந்தில், சாலிஸ்பரி நகரின் அருகே, 1946-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. தாமாக முன்வந்தோரை வெந்நீரில் குளிக்கச் செய்து, ஈர உடையுடன் காற்று வீசும் நடையில் அரைமணி நேரம் நிறுத்தி, பின்னர் நனைந்த காலுறையும் அணிவித்துப் பார்த்தார்கள். அக்குளிர் மட்டும் எவருக்கும் தடிமனைத் தந்துவிடவில்லை. அங்கேயே 1960-இல் டேவிட் டிரெல் என்பாரின் குழுவினர் தடிமன் வைரஸை 33 பாகைச் சூட்டில் வளர்த்துக் காட்டினர். உடலின் சூடு 37 பாகை. மூக்கினுள் சூடு அதனினும் குறைவு. வைரஸ் குடியிருக்க மூக்கைத் தேர்ந்ததன் இரகசியம் அதுதான்.

இவ்வளவில் வாடைக்கு விடுதலை கிடைத்துவிட்டதென்று எண்ணியிருந்தேன். ஆனால் 2005-இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் 90 பேரின் பாதங்களைக் குளிர்நீரில் 20 நிமிடம் வைத்திருக்கச் செய்தபோது, அடுத்த சில நாட்களில் 13 பேர் தமக்குத் தடிமன் என்றனர். பாதம் நனையாத 90 பேரில் ஐவரே அவ்வாறு கூறினர். முன்னரே உள்ளே ஒளிந்திருந்த வைரஸுக்குக் குளிர் வழிவிடுகிறது போலும் என்பது அவர்களின் ஊகம். வழக்கு இன்னும் முடியவில்லை.

எங்கள் அம்மம்மாவுக்கு இவ்வாராய்ச்சி எதுவும் தெரியாது. கொத்தமல்லியை வெறுஞ்சட்டியில் வாசம் எழும்வரை வறுப்பார். வேர்க்கொம்பு ஒரு துண்டைத் தட்டிப் போடுவார். நீர் பாதியாக வற்றும்வரை அவிப்பார். பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிக்கவேண்டும். “மூக்கைப் பொத்திக்கொண்டு குடிச்சிடு ராசா” என்று பக்கத்திலேயே நிற்பார். அடுத்த ஒழுங்கையின் சிங்கள வீட்டில் இதே கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் கண்டங்கத்தரி, பற்படாகம், மரமஞ்சள் ஆகியவற்றோடு சேர்ந்து ‘பஸ்பங்குவ’ ஆகும். ஐந்து பங்கு என்பது அதன் பொருள். கசப்பில் அது எங்கள் வீட்டு நீரை வென்றுவிடும்.

இதனால் நோய் மாறுமா? மாறாது. வைரஸைக் கொல்லும் மருந்து அக்கோப்பையில் இல்லை. தடிமன் தன் ஏழு அல்லது பத்து நாளை எடுத்துக்கொண்டே போகும். ஆனால் அதே கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2008-இல் தடிமன் கண்ட 30 பேருக்கு ஒரே பழப்பானத்தைச் சூடாகவும் சூடின்றியும் கொடுத்துப் பார்த்தனர். சூடாகக் குடித்தோருக்குத் தொண்டைநோவும் களைப்பும் குளிரும் கூட உடனே தணிந்தன. சூடற்ற பானம் அவ்வளவு செய்யவில்லை. மூக்கில் காற்றோட்டம் கூடியதா என்று கருவியால் அளந்தபோது மட்டும் இரண்டிலும் மாற்றம் இல்லை. அம்மம்மா பாதி வழக்கில் வென்றார் என்றே சொல்லவேண்டும். வைத்தியரிடம் சென்று அன்டிபயோட்டிக் வேண்டும் என்று அடம்பிடிப்போரைவிட அவர் எவ்வளவோ மேல். அம்மருந்து பக்டீரியாவுக்கே உரியது, வைரஸை அது தீண்டாது.

அவரது மற்றொரு வைத்தியத்தைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. நொச்சியிலை போட்டுக் கொதித்த பானையைப் பாயில் வைத்து, எங்களைப் போர்வையால் மூடி ஆவி பிடிக்கச் செய்வார். தம்பிக்கு அப்போது ஐந்து வயது. மூச்சுமுட்டிப் போர்வையை உதறினான், பானை சரிந்தது. தொடை வெந்து, வெடித்து, ஆறுவதற்கு இரண்டு மாதம் சென்றது. தடிமனோ அவ்வாரமே மாறிவிட்டது. பிள்ளைகளை ஆவிப்பானையின் அருகே இருத்தாதீர்கள் என்று நான் கூறுவது நூலறிவினால் அன்று. மூக்கடைப்புக்கு உப்புநீர்த் துளிகள் போதும். தொண்டைக்கு இளஞ்சூட்டு உப்புநீரால் கொப்பளிக்கலாம். இரவு இருமலுக்குத் தேன் நல்லது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் அதனை நாவில் தடவவும் கூடாது.

வீட்டு வைத்தியத்துக்கு எல்லையும் உண்டு. ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்செடுத்தால், அல்லது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால், அது தடிமன் அன்று; நியுமோனியாவாக இருக்கலாம். அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

சென்ற மார்கழியில் தம்பி தும்மிக்கொண்டே வந்தான். நரை விழுந்த ஆள். நான் அடுப்பில் நீர் வைத்தேன். நொச்சியிலை வேண்டுமா என்று விளையாட்டாகக் கேட்டேன். “கொத்தமல்லி போதும், அண்ணன்” என்றவன், எழுந்து வந்து கேத்தலின் கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான்.