ரெக்டஸ்: நேரான தசை, நேரில்லாத குடல்

'ரெக்டஸ்' என்ற லத்தீன் அடைச்சொல்லுக்கு 'நேரான' என்று பொருள். ஆங்கில உடற்கூறு நூல்களில் அது பல இடங்களில் குடியிருக்கிறது.

ஜிம்மே கதி என்று கிடக்கும் இளைஞர்கள் ஆசைப்படும் 'சிக்ஸ் பேக்', உண்மையில் 'ரெக்டஸ் அப்டாமினிஸ்' என்னும் இணைத்தசை. மார்புக்கூட்டுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே செங்குத்தாக ஓடும் இதைக் குறுக்கே நார்ப்பட்டைகள் பிரிப்பதால்தான் வயிறு கட்டம் கட்டமாகத் தெரிகிறது. தொடையின் முன்புறத்தில் 'ரெக்டஸ் ஃபெமோரிஸ்' உண்டு. ஒவ்வொரு கண்ணையும் சுழற்றும் 6 தசைகளில் 4 ரெக்டஸ் வகை. மற்ற இரண்டும் சாய்ந்து ஓடும் 'ஆப்ளிக்'.

லத்தீனில் பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்ப அடைச்சொல்லும் மாறும். தசையைக் குறிக்கும் 'மஸ்குலஸ்' ஆண்பால், ஆகவே ரெக்டஸ். குடலைக் குறிக்கும் 'இன்டெஸ்டினம்' ஆண்பாலுமல்ல, பெண்பாலுமல்ல, ஆகவே ரெக்டம். மருத்துவர்கள் மலக்குடலை அழைக்கும் பெயர் இதுதான்.

ஆனால் மனிதரின் மலக்குடல் நேரானதல்ல. முதுகுத்தண்டின் அடியிலுள்ள எலும்பின் குழிவை ஒட்டி அது வளைந்தே இறங்குகிறது. பிறகு ஏன் இந்தப் பெயர்? 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன் உள்ளிட்ட பழங்கால அறிஞர்கள் பெரும்பாலும் குரங்கு, பன்றி போன்ற விலங்குகளை அறுத்தே உடற்கூறு கற்றனர். அவற்றின் மலக்குடல் ஏறக்குறைய நேராக இருக்கும். கிரேக்கத்தில் 'நேர்க்குடல்' என்றிருந்ததை லத்தீன் அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டது.