கொன்றைப் பூவின் ஓரம் ஏன் அடர்கிறது?

சித்திரை வெயிலில் கம்மாபுரம் பக்கம் சரக்கொன்றை மஞ்சளாய்த் தொங்கும். அதை நீர்வண்ணத்தில் தீட்டிப் பாருங்கள். காய்ந்ததும் இதழின் நடு வெளுத்து, ஓரம் கோடு போட்டதுபோல் அடர்ந்திருக்கும்.

ஏன்?

நீர்வண்ணம் என்பது நுண்ணிய நிறத்தூள், வேல மரப் பிசின், நீர் ஆகியவற்றின் கலவை. ஈரத் திட்டின் விளிம்பு தாளைப் பற்றிக்கொண்டு நகராது. அங்கே நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலுள்ள நீர் ஓரத்துக்கு ஓடும்போது நிறத்துகள்களையும் இழுத்துச் செல்கிறது. சிந்திய காப்பி வளையமாகக் கறைபடுவதும் இதனால்தான். ராபர்ட் டீகனும் சக ஆய்வாளர்களும் 1997-இல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கினார்கள்.

எப்படித் தவிர்ப்பது?

இதழையும் அதைச் சுற்றிய தாளையும் முதலில் வெறும் நீரால் நனையுங்கள். ஈரம் மினுங்கும்போதே மஞ்சளைத் தொட்டு வையுங்கள். நிறம் மெல்லப் பரவி, கோடின்றி மங்கும். ஓரத்தில் நீர் தேங்கினால், பிழிந்த தூரிகையால் ஒற்றி எடுங்கள். வெயிலில் தாள் சீக்கிரம் காய்ந்துவிடும், நிழலில் உட்காருங்கள். இதழின் நரம்புகளை நன்றாகக் காய்ந்த பிறகே வரையுங்கள்.

வெள்ளை வேப்பம்பூவுக்கு?

வெள்ளை வண்ணமே வேண்டாம். பூவின் இடத்தைத் தாளாகவே விட்டு, சுற்றிலும் இலைப் பச்சையைத் தீட்டுங்கள். மெல்லிய வண்ணத்தை ஊடுருவும் ஒளி, தாளில் பட்டுத் திரும்புவதால்தான் நீர்வண்ணப் பூக்கள் ஒளிர்கின்றன.

19-ஆம் நூற்றாண்டில், சென்னை மாகாணத்தில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையாவும் கோவிந்துவும் நம் செடிகொடிகளை வரைந்தார்கள். அந்த மரபு நம்முடையது. இந்த இளவேனிலில் பிள்ளைகள் கையில் ஒரு தூரிகையைக் கொடுங்கள்.